சாமையைப் பிழிந்தால் பாஸ்தா!

நெஞ்செரிச்சல்காரர்கள் பாஸ்தாவைத் தொடலாமா? சர்க்கரை இருப்பவர், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர், பால் ஆகாதவர் என்று ஒரே வீட்டில் நாலு பத்தியம் இருந்தால் என்ன செய்வது? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு சமையலறை விசாரணை.

ஜமுனாமரத்தூரில் ராத்திரி ஒன்றரை மணி. வெளியே பனி. எனக்கோ நெஞ்சுக்குள் அடுப்பு எரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி ஏறி இறங்குகிறது. தலையணையை இரண்டாக மடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். தங்கியிருந்த இடத்தில், பக்கத்து அறைப் பிள்ளைகளுக்காக மக்ரோனி செய்திருந்தார்கள். “உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா சார்?” என்றதும் நாக்கு சரி என்றது. தக்காளி சாஸ், சீஸ், தாராளமாக மிளகாய்த்தூள், மேலே ஒரு கட்டி வெண்ணெய். ஒரு தட்டு இரண்டானது. சாப்பிட்ட கையோடு போர்வைக்குள் நுழைந்துவிட்டேன்.

காலையில் டீக்கடை ஓரத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஆயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ராத்திரிக்கு இன்னா துன்ன சாமி, மூஞ்சி இப்டி வாடிக் கெடக்கு?” என்றார். சொன்னேன். மக்ரோனி அவருக்குப் புதிதில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் கேட்டு அடம்பிடிப்பதுதான். “எதத் துன்னாலும் துன்னுட்டு ஒடனே படுத்தா, எதுக்களிக்காம இன்னா பண்ணும்?” என்று கேட்டுவிட்டு சாமையை அளக்கப் போய்விட்டார்.

இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குத் திரும்பி ஏறுவதை மருத்துவர்கள் நீண்ட பெயர் வைத்து அழைக்கிறார்கள். தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: எதுக்களிப்பு. அந்த ஆயா குற்றம் சாட்டியது மக்ரோனியை அல்ல, சாப்பிட்ட உடனே படுத்ததை. அங்கிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

கதவு திறந்துகொண்டால்

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறக்கும், இறங்கியதும் மூடும். இரைப்பை அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாகக்கூட இருக்கும். இரைப்பையின் உட்சுவரில் கோழைப் படலம் இருப்பதால் அது தாங்குகிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. வளையத் தசை வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறும், மேலேறினால் எரியும்.

தசை தளரவோ அழுத்தம் தாங்காமல் திறக்கவோ காரணங்கள் பல. வயிறு முட்ட உண்பது, தொப்பை, இறுக்கமான பெல்ட், கர்ப்ப காலம், புகை, மது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் கீழே இறங்கும். அது உள்ளே இருக்கும் நேரமெல்லாம் கதவு அழுத்தத்தில் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் இந்தத் தசையைத் தளர்த்தக்கூடியவை. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு நமக்குக் காவல். படுத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால்தான் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எடை அதிகமிருந்தால் குறைக்க வேண்டும், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், அவரவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவைத் தவிர்க்க வேண்டும் என்பவையும் அதில் உண்டு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைப்பதுதான் முறை. நான் செய்ததுபோலத் தலையணையை மடித்து வைத்தால் உடம்பு வயிற்றில் மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அந்த நிலையில் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986-ல் தொடங்கிவைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி ராத்திரியெல்லாம் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை இயக்குபவர்களைப்போல இரவு வேலை செய்பவர்களுக்கு ‘ஏழு மணிக்குச் சாப்பிடு’ என்ற அறிவுரை பயன்படாது. விடியற்காலை நாலு மணிக்குப் படுப்பவர் ஒரு மணிக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் போதும். கணக்கு கடிகார முள்ளில் இல்லை, தலையணைக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது.

பாஸ்தாவும் அதன் கூட்டாளிகளும்

இப்போது தட்டுக்கு வருவோம். வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்த பாஸ்தாவில் புளிப்பு கிடையாது, காரம் கிடையாது, கொழுப்பும் மிகக் குறைவு. வெந்த சோற்றைப்போல அது ஒரு சாது. தொல்லை கொடுப்பவை அதோடு சேர்ந்து வருபவை.

முதல் கூட்டாளி தக்காளி சாஸ். தக்காளி இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. சாஸாகச் சுண்டக் காய்ச்சும்போது புளிப்பும் சுண்டிச் செறிகிறது. பாட்டிலில் வரும் சாஸில் வினிகரும் இருக்கும். இரண்டாவது கூட்டாளி வெள்ளை சாஸ். புளிப்பில்லாததால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வெண்ணெய், மைதா, முழுப்பால், சீஸ், கிரீம் எல்லாம் சேரும்போது இரைப்பையில் அது மணிக்கணக்கில் தங்கும். மூன்றாவது, மேலே தூவும் மிளகாய்ச் செதில். நான்காவது பூண்டும் வெங்காயமும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. ஐந்தாவது நம் கை. பாஸ்தாவை அள்ளி வைக்கும்போது அளவு தெரியாது. உலர்ந்த பாஸ்தா ஒருவருக்கு 75 கிராம் போதும், வெந்ததும் அதன் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். நான் அன்று தின்றது அதைப்போல எத்தனை மடங்கு என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறோம். தக்காளி சாஸைத் தவிர்த்துவிட்டு மறுநாள் கெட்டியான புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால், கணக்கு நேராகிவிடாது. புளி தக்காளியைவிடப் பல மடங்கு புளிப்பானது. காரக்குழம்பு, வடுமாங்காய், பட்டணம் பக்கோடா எல்லாவற்றையும் வழக்கம்போல உண்டுவிட்டு, இத்தாலிக்காரனை மட்டும் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது நியாயமில்லை.

அதே சமயம், எல்லோருக்கும் பொதுவான ஒரு தடைப்பட்டியலும் கிடையாது. ஒருவருக்குத் தக்காளி தொல்லை, இன்னொருவருக்குக் காபி, வேறொருவருக்கு சாக்லேட், புதினா. ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் ஒதுக்குவதால் பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் வலுவாக இல்லை. அதனால் மருத்துவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்வார்கள். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்போது படுத்தேன், எப்போது எரிந்தது என்று இரண்டு வாரம் எழுதினால் உங்கள் எதிரி யார் என்று உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

நன்னன் நாட்டுச் சாப்பாடு

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் சேயாறு அதுதான். அந்தப் பாட்டின் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா, இன்று மலையடிவாரத்திலிருக்கும் செங்கம். நன்னனைத் தேடி நடந்துபோகும் கூத்தர்களுக்கு வழியிலுள்ள மலைக்குடிகள் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் தருவார்கள் என்று பெருங்கௌசிகனார் பாடுகிறார். நெய்யில் வெந்த இறைச்சி எதுக்களிப்புக்காரனுக்கு எழுதித் தந்த விஷம்தான். ஆனால் அந்தக் கூத்தன் பகலெல்லாம் பறையையும் யாழையும் சுமந்து மலையேறி வந்தவன். நான் காரில் ஏறி வந்தவன்.

இந்த மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். அவர்களுடைய தானியம் சாமை. ஆடி மழையை நம்பி மானாவாரியாக விதைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் கதிர் முற்றிவிடும். சரிவு நிலம், கல் மண், குறைந்த மழை எதற்கும் அது சளைக்காது. சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ள அவரை, கொள்ளு, காராமணி, காட்டுக் கீரை என்பதுதான் நீண்ட காலச் சாப்பாடு.

அந்தச் சாப்பாடு பின்வாங்கியதற்கு ஒரு காரணம் ருசி என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் உரல். சாமையின் உமி கெட்டியானது. வீட்டுக்குத் தேவையானதைக் குத்திப் புடைத்து எடுக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டும். தமிழகத்தில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், உலையில் போட்டால் சோறு. யார்தான் மறுப்பார்கள்? நெல் அரிசி மலையேறியது, பின்னாலேயே பாக்கெட்டுகளும் ஏறின. 1983-ல் இந்தியாவுக்கு வந்த மேகி இன்று மலைக்கிராமப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. சேமியாவும் மக்ரோனியும் பக்கத்திலேயே தொங்குகின்றன.

சாமை முற்றிலும் போய்விடவில்லை. மலையில் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் அதைச் சுத்தம் செய்து, அரிசியாகவும் மாவாகவும் பிஸ்கட்டாகவும் விற்கின்றன. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த சாமை ரகத்துக்கு அந்த ஊரின் பெயரைச் சுருக்கி ஏ.டி.எல் 1 என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஐ.நா. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் சிறுதானியத்துக்கு ஒரு தனி அலமாரி வந்துவிட்டது. அந்த அலமாரியில் இப்போது ‘சிறுதானிய பாஸ்தா’வும் நிற்கிறது.

குளூட்டன் என்ற கயிறு

பாஸ்தாவுக்குக் கோதுமைதான் ஏன் வேண்டும்? கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அந்த வலை மாவைப் பிடித்துவைப்பதால்தான் பாஸ்தா கொதிநீரில் கரையாமல் நிற்கிறது. நல்ல பாஸ்தா டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்யப்படுகிறது. நம் நாட்டில் இந்தக் கோதுமை மத்தியப் பிரதேசத்தில் அதிகம் விளைகிறது. விலை குறைந்த பாக்கெட்டுகளில் மைதா கலந்திருக்கும். டியூரம் பாஸ்தாவைக் கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்கினால் ரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறும். குழைய வேகவிட்டால் வேகமாக ஏறும்.

சாமையில் குளூட்டன் கிடையாது. கயிறில்லாத மாலை உதிர்ந்துபோவதுபோல, சாமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து பிழிந்தால் துண்டு துண்டாக உடையும். இதற்கு இத்தாலியில் தீர்வு தேட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணில் பித்தளை இடியாப்ப நாழி இருக்கிறது.

அரிசியிலும்தான் குளூட்டன் இல்லை. பிறகு இடியாப்பம் எப்படி நிற்கிறது? கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பிசைகிறோம். சூட்டில் மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது, குளூட்டன் செய்யும் வேலையை அந்தப் பசை செய்கிறது. பிறகு ஆவியில் வேகவைப்பதால் தண்ணீரில் கரையும் பேச்சே இல்லை. கொங்கு நாட்டுச் சந்தகை இன்னும் ஒரு படி மேலே: மாவை முதலில் முழுதாக வேகவைத்துவிட்டுப் பிறகு பிழிகிறார்கள். குளூட்டன் இல்லாத பாஸ்தா செய்யும் ஆலைகளும் மாவை முன்கூட்டியே ஆவியில் வேகவைத்து அச்சில் தள்ளுகின்றன. சந்தகைக் கட்டையில் அப்பா தொங்கிப் பிழிந்ததும் அதே தொழில்நுட்பம்தான்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

கடையில் வாங்குபவர்கள் முன்பக்கத்துப் படத்தை நம்பக் கூடாது. சாமைக் கதிரின் படம் போட்ட பாக்கெட்டின் பின்னால் பொருள் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முதல் இடத்தில் கோதுமை ரவையோ மைதாவோ இருந்து, சாமை மூன்றாவதாக வந்தால், அது சாமை வாசனை காட்டிய கோதுமை பாஸ்தா. நெஞ்செரிச்சல் மட்டும் உள்ளவருக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சீலியாக் நோய் உள்ளவருக்கோ அது ஆபத்து.

சீலியாக் நோயில் குளூட்டன் பட்டாலே உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. இது வட இந்தியாவில் அதிகம், தெற்கில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அவர்களுக்குக் கோதுமையில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவாகக் குளூட்டன் இருந்தால் மட்டுமே ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட இந்தியாவில் அனுமதி. கோதுமை அரைத்த அதே மில்லில் சாமையை அரைத்தால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். சர்க்கரைக்கு நல்லது என்று நாம் வாங்கும் சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது பார்த்தால்தான் நோய் தெரியும்.

சாமை பாஸ்தா எதுக்களிப்பைக் குணமாக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரமில்லை. சாமையின் பலம் வேறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதமும் ஏழரை கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. வெள்ளை அரிசியில் நார் இதில் பாதிகூட இல்லை. கொழுப்பு நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொழுப்பால் சாமை மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதைத் தவிர்க்கத் தானியத்தைப் பளபளவென்று தீட்டினால் நாரும் தவிட்டோடு போய்விடும். வெள்ளை வெளேரென்ற சாமையைவிட மங்கிய பழுப்புச் சாமையே மேல். மாவை அவ்வப்போது அரைத்துக்கொள்வது அதைவிட மேல்.

ஒரு வீடு, நாலு பத்தியம்

இன்றைய வீடுகளில் தாத்தாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு எதுக்களிப்பு, அம்மாவுக்கு வயிற்று உப்புசம், மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நாலு அடுப்பு மூட்ட முடியுமா?

சர்க்கரையிலிருந்து தொடங்குவோம். சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அது. சாமை நார் அவர்களுக்கு உதவும். ஆனால் தானியத்தை மாவாக்கினாலே சர்க்கரை ஏறும் வேகம் கூடும். அதனால் சாமை பாஸ்தா என்றாலும் அளவு அளவுதான். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதி கால் பங்குதான் பாஸ்தா. நீண்ட நாள் நீரிழிவில் சிலருக்கு இரைப்பை நரம்புகள் தளர்ந்து உணவு கீழிறங்கத் தாமதமாகும். அதுவும் எதுக்களிப்பாகவே தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு நார் அதிகமானால் தொல்லை கூடும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உப்புசக்காரருக்குக் கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் உள்ள ஒருவகை நார் குடலில் புளித்து வாயுவாகும். அவருக்கு அரிசியோ சாமையோ கலந்த இழை இதமாக இருக்கலாம். பால் ஆகாதவருக்குச் சீஸுக்குப் பதில் நீர்த்த தேங்காய்ப்பால் போதும். எதுக்களிப்புக்காரர் அதிலும் முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலை எடுத்துக்கொள்ளட்டும். முதல் பாலில்தான் கொழுப்பு அதிகம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பாக்கெட்டோடு வரும் மசாலாவைத் தொடவே கூடாது, அதில் உப்பு அதிகம். காய்கறியில் எது, எவ்வளவு என்பதையும் அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே இழையைப் பிழிந்து, சாஸை மட்டும் அவரவருக்கு மாற்றிக்கொண்டால் அடுப்பு ஒன்றே போதும்.

பரங்கிக்காய் சாஸும் சாமை இழையும்

மலையிலிருந்து வாங்கிவந்த சாமையில் வீட்டில் நான் செய்து பார்த்தது இது.

இரண்டு கப் சாமையைக் கழுவி நிழலில் உலர்த்தி, வாசனை வரும்வரை லேசாக வறுத்து, நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் அரை கப் இடியாப்ப மாவு சேர்த்துக்கொண்டால் இழை உடையாது. உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டு, கொப்பளிக்கும் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து நாழியில் அடைத்துப் பிழியலாம். ஓமப்பொடி அச்சில் போட்டால் நூல் பாஸ்தா, ரிப்பன் பக்கோடா அச்சில் போட்டால் பட்டை பாஸ்தா. இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவி கட்டி, நன்றாக ஆறிய பிறகு பிரித்தெடுத்தால் ஒட்டாது. சூட்டோடு பிரித்தால் கூழாகிவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் கூழானது.

சாஸுக்குத் தக்காளி வேண்டாம். நிறத்துக்கும் இனிப்புக்கும் பரங்கிக்காய் இருக்கிறது. ஒரு கீற்றுப் பரங்கியும் ஒரு கேரட்டும், கைப்பிடி பாசிப்பருப்போடு குழைய வெந்ததும் மசித்து, இரண்டாம் தேங்காய்ப்பாலில் தளர்த்த வேண்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், துளி இஞ்சி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வதக்கிச் சேர்த்தால் சாஸ் தயார். காரம் வேண்டுபவர்கள் தங்கள் தட்டில் மட்டும் மிளகு தட்டிப் போட்டுக்கொள்ளட்டும். புளிப்பு வேண்டுபவர்கள் அவர்கள் பங்கில் எலுமிச்சை பிழிந்துகொள்ளட்டும். மகனுக்குச் சீஸ் வேண்டுமென்றால் அவன் தட்டின் மேல் துருவலாம். எதுக்களிப்புக்காரருக்கு ஒரு கிண்ணம் போதும். இரண்டாவது கிண்ணத்துக்கு அவர் எழுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

எப்போது சமையலறை போதாது?

வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வந்தால், ஜெலூசிலைக் குடித்துவிட்டுப் படுப்பதை விட்டு மருத்துவரைப் பாருங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் பெரும்பாலும் எட்டு வாரத்துக்குத் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பிட்டு எரிந்த பிறகு போட்டால் அவற்றின் முழுப் பலன் கிடைக்காது. மருந்துக் கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் சரியில்லை.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், ரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி சேர்ந்தால் அதை ‘கேஸ்’ என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். மலைக்கிராமத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். அடிவாரத்துக்கு இறங்கும் வளைவுகளுக்கே நேரம் பிடிக்கும்.

கிளம்பும் நாளன்று ஜமுனாமரத்தூரில் அந்த ஆயாவிடமே இரண்டு படி சாமை வாங்கினேன். இதில் மக்ரோனி செய்யப்போகிறேன் என்றதற்குச் சிரித்தார். “எத்தையாவது செய்யி சாமி. பொழுதோட துன்னுட்டு நாலு எட்டு நடந்துட்டுப் படு.”

நெஞ்செரிச்சல்காரர்கள் பாஸ்தா சாப்பிடலாம். கால் தட்டு அளவில், தக்காளியும் சீஸும் குறைத்து, படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பாக. சாமையில் பிழிந்ததாக இருந்தால் மலைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.